வாஷரில் சுற்றிய வானொலி

பிட்எக்ஸ் என்ற வானொலிப் பெட்டியின் ஆரம்பகால வரைபடத்தோடு இருந்த உதிரிபாகப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு கிளம்பினால் இரண்டு கடைகள் ஏறவேண்டும். டிரான்சிஸ்டர், டயோடு, கெப்பாசிட்டர் வகையெல்லாம் டிவி ரிப்பேர்க்காரர்கள் வாங்கும் கடையில் கிடைத்துவிடும். மிச்சம் ஒன்று ஹார்டுவேர் கடையில் இருந்தது. தண்ணீர்க் குழாய் ஒழுகாமல் இருக்க உள்ளே போடும் வாஷர்.

அந்தப் பெட்டியை 2000களின் முற்பகுதியில் வடிவமைத்தவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான். ஹாம் வானொலி உலகில் அவருடைய அழைப்புக்குறி வியூ2ஈஎஸ்ஈ. வெளிநாட்டு வரைபடங்கள் பெரும்பாலும் 'டோராய்டு' என்ற வளையத்தில் கம்பி சுற்றச் சொல்லின. அந்த வளையமோ இந்தியக் கடைத்தெருக்களில் எளிதில் சிக்காத சரக்கு. ஃபர்ஹான் வாஷரை எடுத்தார். அதன்மேல் எனாமல் பூசிய செம்புக் கம்பியைச் சுற்றினார். வேலை செய்தது. வாஷருக்குக் காந்த குணம் ஏதும் கிடையாது. ஆனால் அது வட்டமாக, நடுவில் ஓட்டையோடு இருந்தது. அந்த ஓட்டைதான் விஷயமே.

ஹாம்கள் என்று அழைக்கப்படும் அமெச்சூர் வானொலியாளர்கள் அரசிடம் உரிமம் பெற்று, தங்களுக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில், லாப நோக்கமின்றி உலகெங்கும் பேசிக்கொள்பவர்கள். இந்தியாவில் 12 வயது நிரம்பிய எவரும் தேர்வெழுதி இந்த உரிமத்தைப் பெறலாம். 2004 டிசம்பரில் சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, ஹாம் வானொலிப் பயணமாகப் போர்ட் பிளேர் போயிருந்த பாரதி பிரசாத்தும் அவருடைய குழுவினரும் தொலைபேசி செத்துக்கிடந்த தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செய்திகளைக் கடத்தியது பலருக்கு நினைவிருக்கும். இந்த உரிமத்துக்கு உள்ள தனிச் சலுகை ஒன்று அதிகம் பேசப்படுவதில்லை. அலையை அனுப்பும் கருவியைத் தன் கையாலேயே கட்டிக்கொள்ள ஹாமுக்கு அனுமதி உண்டு. செல்போனை அப்படிக் கட்டிக்கொள்ள யாருக்கும் அனுமதி இல்லை.

கட்டுவதற்கு எளிய வழி 'கிட்'. அச்சிட்ட சர்க்யூட் பலகை, சின்னச் சின்னப் பைகளில் உறுப்புகள், ஒரு கையேடு ஆகியவை ஒரே பொட்டலமாக வரும். 1990களில் வட கலிஃபோர்னியாவின் ஹாம் சங்கம் ஒன்று வெளியிட்ட 'நார்கால் 40' என்ற கிட் இந்த வகையில் பெரும் பெயர் பெற்றது. வடிவமைத்தவர் வெய்ன் பர்டிக். கால்டெக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டேவிட் ரட்லெட்ஜ் ஒரு பாடத்திட்டம் முழுவதையும் இதன் திருத்திய வடிவமான 'நார்கால் 40ஏ'யை மாணவர்கள் கட்டுவதைச் சுற்றியே அமைத்தார். அந்தப் பாடம் 1999இல் கேம்பிரிட்ஜ் பதிப்பகத்தின் வழியே நூலாகவும் வந்தது. பர்டிக் பின்னர் எரிக் சுவார்ட்ஸுடன் சேர்ந்து எலெக்ராஃப்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்களுடைய கே2 கிட்டை வீட்டு மேசையில் பற்றவைத்தே முடித்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

கிட்டைப் பிரித்ததும் கட்டுபவரின் கண் ஒரு சின்னப் பையில் போய் நிற்கும். அதில் சிவப்பும் மஞ்சளும் கருப்புமாகச் சில வளையங்கள், கூடவே மெல்லிய கம்பிச் சுருணை. ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் ஐசியும் தொழிற்சாலையில் முடிந்து வந்தவை. அவற்றைச் சரியான ஓட்டையில் செருகிப் பற்றவைத்தால் போதும். கம்பிச்சுருள் மட்டும் முடியாமல் வந்திருக்கிறது. அதைச் செய்யவேண்டியவர் கட்டுபவர்தான். முதல் முறை கிட் வாங்குகிறவர்களில் பலர் இந்த இடத்தில் தயங்குவார்கள். சுற்றி முடித்த சுருள்களைத் தனியே விற்பவர்களும் இருக்கிறார்கள் என்பதிலிருந்தே தயக்கத்தின் அளவு தெரியும்.

அந்தத் தயக்கத்துக்குத் தேவையே இல்லை. விரல் நுனியில் பொறுமையும், விடாமல் எண்ணும் புத்தியும் இருந்தால் பதின்மூன்று வயதுப் பிள்ளை அரைமணியில் செய்யக்கூடிய வேலை இது. ஆனால் வளையத்தை ஏன் சுற்றுகிறோம் என்று தெரிந்துகொண்டு சுற்றினால் கை தடுமாறாது.

கம்பியில் மின்சாரம் ஓடும்போது அதைச் சுற்றிக் காந்தப்புலம் எழும். கம்பியைப் பென்சிலில் சுற்றி உருவினால் கிடைக்கும் நேர்ச்சுருளில் அந்தப் புலம் ஒரு முனையில் வெளியேறி, காற்றில் வளைந்து, மறுமுனையில் வந்து நுழைகிறது. அந்த வழியில் பக்கத்தில் இன்னொரு சுருள் இருந்தால் அதிலும் புகுந்துவிடும். ஒரு சுருளின் சமிக்ஞை மற்றதில் ஒட்டிக்கொள்ளும். பெருக்கி தானாகவே ஊளையிடத் தொடங்கும். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைத் திறந்து பார்த்தவர்களுக்கு உள்ளே வரிசையாக நிற்கும் சதுர உலோக டப்பிகள் ஞாபகம் இருக்கும். தலையில் மஞ்சள், வெள்ளை, கருப்பு என்று திருகும் வட்டம் வைத்த அவற்றை மெக்கானிக்குகள் 'ஐஎஃப்டி' என்பார்கள். அந்த உலோகக் கூடு சுருளின் புலத்தை வெளியே விடாமல் மூடிவைக்கத்தான்.

நேர்ச்சுருளை வளைத்துத் தலையையும் வாலையும் சேர்த்துவிட்டால் கூடே வேண்டியதில்லை. வெளியே போக முனை கிடையாது; புலம் வளையத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. உளுந்து வடை மாதிரி இருக்கும் இந்த வடிவத்துக்குத்தான் டோராய்டு என்று பெயர். இரண்டு டோராய்டுகளை ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்தாலும் ஒன்றையொன்று அதிகம் சீண்டாது. உள்ளங்கையளவுப் பலகையில் முழு வானொலியை அடக்க முடிவது இதனால்தான். ஃபர்ஹானின் வாஷர் காந்தமற்றதாக இருந்தும் கைகொடுத்ததற்குக் காரணமும் இந்த வடிவமே. சுற்றுகளின் எண்ணிக்கைதான் கூடுதலாக வேண்டியிருந்தது.

இந்த வடிவம் மின்னியலின் தொடக்கத்திலேயே இருக்கிறது. 1831 ஆகஸ்டு 29 அன்று லண்டனின் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தின் இரு பாதிகளிலும் தனித்தனியே கம்பி சுற்றி, ஒன்றில் மின்சாரத்தை விட்டு எடுத்தபோது மற்றதில் முள் அசைவதைக் கண்டார். அன்று உறை பூசிய கம்பி கடையில் கிடைக்கவில்லை. வெற்றுச் செம்புக் கம்பிகள் ஒன்றையொன்று தொடாமல் இருக்க நடுவே நூல் கயிற்றையும் அடுக்குகளுக்கிடையே பருத்தித் துணியையும் வைத்துத் தன் கையாலேயே சுற்றினார். உலகின் முதல் டிரான்ஸ்ஃபார்மர் என்று சொல்லத்தக்க அந்த வளையம் இன்றும் அதே நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகிறது.

இன்றைய கிட்டில் வரும் வளையங்கள் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இரண்டு வேறு சாதி. முதல் வகை இரும்புத்தூள் வளையம். மிக நுண்ணிய இரும்புத் துகள்களை ஒன்றையொன்று தொடாதபடி காப்புப் பூசி, அழுத்திச் செய்தது. நிறம் பூசி வரும். இரண்டாவது ஃபெரைட். இரும்பு ஆக்சைடோடு வேறு உலோகங்களின் ஆக்சைடுகளைச் சேர்த்துச் சூளையில் சுட்ட பீங்கான் போன்ற பொருள். 1930இல் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் யோகோரோ கத்தோவும் தகேஷி தகேயும் கண்டறிந்தது. அதை விற்கவே 1935இல் தொடங்கிய நிறுவனம்தான், பின்னாளில் ஒலிநாடா கேசட்டுகளால் தமிழ் வீடுகளுக்குள் நுழைந்த டிடிகே. ஃபெரைட் கரும்சாம்பல் நிறத்தில் இருக்கும். கீழே போட்டால் சில்லுசில்லாக உடையும்.

இரண்டையும் மாற்றிவைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 'டி37-2' என்ற சிவப்பு இரும்புத்தூள் வளையத்தில் பத்துச் சுற்று சுற்றினால் 0.4 மைக்ரோஹென்றி மின்தூண்டல் கிடைக்கும். அதே அளவுள்ள 'எஃப்டி37-43' ஃபெரைட்டில் அதே பத்துச் சுற்று ஏறத்தாழ நூறு மடங்கு தரும். அலைவரிசையைத் துல்லியமாகப் பிரிக்கும் வடிகட்டிக்கு இரும்புத்தூள் வளையம் வேண்டும். அகன்ற அலைவரிசை முழுவதையும் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குக் கடத்தும் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஃபெரைட் வேண்டும். பொட்டலத்தைப் பிரித்ததும் சிவப்பு, மஞ்சள், கருப்பு என்று மூன்று கிண்ணங்களில் போட்டுவைத்துக்கொள்கிறவர் பாதி வேலையை முடித்துவிட்டார்.

பெயரைப் படிக்கத் தெரிந்தால் வளையம் தன் ஜாதகத்தைத் தானே சொல்லும். 'டி' என்பது டோராய்டு. 37 என்றால் வெளிவிட்டம் 0.37 அங்குலம், அதாவது ஒன்பதரை மில்லிமீட்டர் அளவு. 50 என்றால் அரை அங்குலம். கோட்டுக்குப் பின் வரும் எண் தூளின் கலவையைக் குறிக்கும்: 2 என்றால் சிவப்பு, 6 என்றால் மஞ்சள். முன்னால் 'எஃப்' இருந்தால் ஃபெரைட்.

நிறத்தை மட்டும் நம்பி ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. பழைய கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ்ஸைப் பிரித்தால் உள்ளே மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு வளையம் கிடைக்கும். ஒரு பக்கம் வெள்ளை, மீதி மஞ்சள். இது 26 என்ற கலவை, மின்வழங்கியின் குறைந்த அதிர்வெண்ணுக்கானது. மஞ்சளாக இருக்கிறதே என்று அதை 6ஆம் கலவையாக எண்ணி ஹாம் வடிகட்டியில் சுற்றினால் சமிக்ஞையை அது சூடாகத் தின்றுவிடும்.

இனி எத்தனை சுற்று? ஒவ்வொரு வளையத்துக்கும் தயாரிப்பாளர் ஓர் எண் தருகிறார்: நூறு சுற்று சுற்றினால் இத்தனை மைக்ரோஹென்றி. டி37-6 வளையத்துக்கு அந்த எண் 30. டி50-2 வளையத்துக்கு 49. மின்தூண்டல் சுற்றுகளின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். ஆகவே வேண்டிய அளவை அந்த எண்ணால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, நூறால் பெருக்கினால் சுற்றுகளின் எண்ணிக்கை வந்துவிடும்.

ஓர் உண்மையான உதாரணம். 7 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் சிறு கருவி தன் அலையோடு 14, 21 மெகாஹெர்ட்ஸிலும் வேண்டாத நகல்களைத் துப்பும். அடுத்தவர் அலைவரிசையில் அவை போய் விழாமல் தடுக்க ஆன்டெனாவுக்கு முன்னால் ஒரு வடிகட்டி வைப்பார்கள். எட் வெதர்ஹோல்ட் என்ற அமெரிக்க ஹாம் கணித்துத் தந்த அமைப்பு இந்த வேலைக்கு உலகெங்கும் புழங்குகிறது. அதில் மூன்று சுருள்கள்: 1.38, 1.70, மறுபடி 1.38 மைக்ரோஹென்றி. 1.38ஐ 30ஆல் வகுத்தால் 0.046. அதன் வர்க்கமூலம் 0.2145. நூறால் பெருக்கினால் 21.45. ஆக 21 சுற்று. அதே வழியில் நடுச்சுருளுக்கு 24. பள்ளிக்கணக்கு போதும், வானொலியின் உறுப்பு ஒன்று தாளில் பிறந்துவிடுகிறது.

எண்ணுவதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். கம்பி வளையத்தின் ஓட்டைக்குள் எத்தனை முறை நுழைந்து போகிறதோ அத்தனை சுற்று. வெளிப்பக்கத்தை எண்ணக்கூடாது. கம்பியை வளையத்துக்குள் ஒரே ஒரு முறை நேராக விட்டு எடுத்தாலும் அது ஒரு சுற்று என்றே கணக்கு. ஊசித்துளையில் நூலைக் கோத்த அந்த நிலையைப் பலர் 'இன்னும் சுற்றத் தொடங்கவில்லை' என்று நினைத்து விட்டுவிடுவதால் ஒன்று கூடிப்போகிறது. பத்துச் சுற்று வேண்டிய இடத்தில் ஒன்பது சுற்றினால் மின்தூண்டல் 19 சதவீதம் குறையும். பதினொன்று சுற்றினால் 21 சதவீதம் ஏறும். இருபத்தொன்றில் ஒன்று விட்டுப்போனாலும் 9 சதவீதம் போய்விடும். வர்க்கம் இப்படித்தான் தண்டிக்கும். சுற்றி முடித்ததும் வளையத்தை வெள்ளைத் தாளின்மேல் வைத்துச் செல்போனில் படம் பிடித்து, பெரிதாக்கி, ஓட்டைக்குள் தெரியும் கம்பிகளை எண்ணிப் பார்ப்பது நல்ல பழக்கம். நேரில் எண்ணும்போது ஏமாற்றுகிற கண் படத்தில் ஏமாற்றாது.

கம்பி வாங்குவது தமிழ்நாட்டில் கஷ்டமான காரியம் இல்லை. மோட்டார் காயில் கட்டுகிற வைண்டிங் கடைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அவர்கள் கிலோ கணக்கில் வாங்கிவைத்திருக்கும் எனாமல் கம்பியேதான் இதற்கும் வேண்டும். சென்னை ரிச்சி தெருவுக்குப் போகாமலேயே பத்து மீட்டர் கேட்டு வாங்கிவிடலாம். ஆனால் கேஜ் எண்ணில் கவனம் தேவை. அமெரிக்கக் கையேடு 28 கேஜ் என்றால் 0.32 மில்லிமீட்டர். நம் கடைகளில் புழங்கும் பிரிட்டிஷ் அளவில் 28 கேஜ் என்பது 0.376 மில்லிமீட்டர், தடிமன் கூடியது. சின்ன ஓட்டைக்குள் அது அடங்காமல் அடுக்கின்மேல் அடுக்கு ஏறும். அமெரிக்க 28க்கு ஈடாக இங்கே 30 கேஜ் கேட்க வேண்டும். மைக்ரோமீட்டரால் அளந்து, மில்லிமீட்டரில் சொல்லி வாங்கினால் குழப்பமே இல்லை.

டி37 வளையத்தில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் கம்பி செலவாகும். 21 சுற்றுக்கு 25 சென்டிமீட்டர். இரு முனைகளுக்கும் சேர்த்து 30 சென்டிமீட்டராக நறுக்கிக்கொள்ளலாம். வளையத்தை இடதுகைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, கம்பியை ஓட்டைக்குள் விட்டு, வெளியே வளைத்துக் கொண்டுவந்து, மறுபடி ஓட்டைக்குள் விடவேண்டும். ஒவ்வொரு சுற்றையும் வளையத்தோடு ஒட்ட இழுக்கவேண்டும். தொளதொளவென்று விட்டால் பிறகு நகர்ந்து அளவு மாறும். அதற்காக வெடுக்கென்று இழுத்தால் வளையத்தின் விளிம்பில் எனாமல் உரசிப்போகும். பூக்கட்டுகிறவர்கள் நாரை இழுக்கும் பதம்தான் இங்கும். நீளமான கம்பி என்றால் நடுப்பகுதியிலிருந்து தொடங்கி, ஒரு பாதியை வலப்பக்கமாகவும் மறுபாதியை இடப்பக்கமாகவும் சுற்றுகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் உள்ளே இழுக்கவேண்டிய நீளம் பாதியாகிவிடும், சிக்கு விழாது.

வளையம் முழுவதையும் மூடிவிடக்கூடாது. சுருளின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே கடிகார முகத்தில் ஒரு மணி நேர இடைவெளி அளவுக்காவது வெற்றிடம் வேண்டும். முதல் கம்பியும் கடைசிக் கம்பியும் ஒட்டிக்கொண்டால் இரண்டும் சேர்ந்து ஒரு கெப்பாசிட்டர் போல நடந்துகொள்ளும்.

சுற்றி முடித்தபின் வருவது எனாமல். வேலை செய்யாத கிட்டுகளைப் பிரித்துப் பார்க்கும் அனுபவசாலிகள் முதலில் சந்தேகப்படுவது சுருளின் முனைகளைத்தான். செம்பின் நிறத்திலேயே பளபளக்கும் அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. அதன்மேல் ஈயம் பற்றியதுபோல் தெரியும். உள்ளே தொடர்பே இருக்காது. சில வகைக் கம்பியில் பூச்சு சூட்டிலேயே எரிந்துவிடும். சால்டரிங் இரும்பின் முனையில் ஈயத்தைச் சொட்டாகத் தேக்கி, கம்பி முனையை அதற்குள் சில விநாடி வைத்தால் புகை கிளம்பி, ஈயம் வெள்ளியாக ஏறும். அந்தப் புகை மூச்சுக்கு நல்லதல்ல. ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யவேண்டும். மோட்டாருக்கென்று வரும் கம்பியில் பெரும்பாலும் சூடு தாங்கும் பூச்சுதான் இருக்கும். அது இந்த வித்தைக்கு மசியாது. பிளேடாலோ உப்புத்தாளாலோ எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிச் சுரண்டவேண்டும். பலகையில் பற்றவைத்தபின் மல்டிமீட்டரை 'பீப்' சத்தம் தரும் நிலையில் வைத்து, சுருளின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பலகையிலுள்ள செம்புத் தடத்தைத் தொட்டுப் பார்க்கவேண்டுமே தவிர, கம்பியைத் தொட்டல்ல.

ஒற்றைச் சுருளுக்கு இவ்வளவுதான். எந்தத் திசையில் சுற்றினாலும் மின்தூண்டல் மாறாது. பலகையின் ஓட்டைகளில் பொருந்துவது மட்டும் மாறும். ஒரே வளையத்தில் பல சுருள்கள் சேர்ந்து வாழவேண்டி வரும்போதுதான் திசை உயிர்நாடியாகிறது.

ஹான்ஸ் சம்மர்ஸ் வடிவமைத்து 2017 ஆகஸ்டில் கியூஆர்பி லேப்ஸ் வெளியிட்ட கியூசிஎக்ஸ் கிட் இதற்குப் பேர்போனது. மோர்ஸ் தந்திக்கான சிறு கருவி. அதன் உள்வரும் வழியில் ஒரே ஒரு டி50-2 வளையம். அதன்மேல் நான்கு தனித்தனிச் சுருள்கள். பலகையில் எட்டு முனைகள். இவற்றில் ஒன்று தலைமாறிப் போனாலும் ஒன்றோடொன்று கூடவேண்டிய சமிக்ஞைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், பெட்டி செவிடாகிவிடும். கட்டுபவர்களைக் கதிகலங்க வைத்த இந்த இடத்துக்கு சம்மர்ஸின் கையேடு சொல்லும் வழி அழகானது. நான்கையும் நான்கு கம்பியாகச் சுற்றவேண்டாம். ஒரே நீளக் கம்பியால் ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போகவேண்டும். ஒரு சுருள் முடியும் இடத்தில் கம்பியைக் காதுபோல நீட்டி முறுக்கிவிட்டு அடுத்ததைத் தொடங்கவேண்டும். எல்லாம் முடிந்தபின் காதுகளை வெட்டினால் நான்கு சுருள்களும் பிரிந்து நிற்கும். வெட்டும்வரை ஒரே கம்பி, ஆகவே திசை மாற வழியே இல்லை. நல்ல கையேடு என்பது இப்படிப் பிழைக்கு இடமே தராமல் வாசகரை நடத்திக்கொண்டு போவது. கிட்டின் விலையில் பாதி கையேட்டுக்குக் கொடுத்தாலும் தகும்.

ஃபெரைட் வளையங்களில் வேறொரு வகை. இரண்டு அல்லது மூன்று கம்பிகளைச் சேர்த்துக் கயிறுபோல முறுக்கி, அந்த முறுக்கையே ஒரு கம்பியாக நினைத்துச் சுற்றவேண்டும். கைத்துளைக் கருவியின் வாயில் முனைகளை மாட்டி மெதுவாகச் சுழற்றினால் முறுக்கு சீராக விழும். வெவ்வேறு நிற எனாமல் கிடைத்தால் எந்த முனை எந்தக் கம்பியுடையது என்று பார்த்த உடனே தெரியும். எல்லாம் ஒரே செம்பு நிறமாக இருந்தால் மல்டிமீட்டரால் ஜோடி ஜோடியாகத் தேடிப்பிடித்து, முனைகளில் மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்துக்கொள்ளவேண்டும். ஒரு கம்பியின் முடிவை அடுத்த கம்பியின் தொடக்கத்தோடு சேர்த்தால் நடுமுனை. தொடக்கத்தைத் தொடக்கத்தோடு சேர்த்தால் இரண்டும் எதிரெதிராக இழுத்து ஒன்றுமில்லாமல் போகும்.

இயந்திரங்கள் கடுகளவு உறுப்புகளைக்கூட நொடிக்குப் பல என்ற வேகத்தில் பலகையில் ஒட்டுகிற காலத்தில், இதை மட்டும் ஏன் கையால் செய்யவேண்டும்? காரணம் மறுபடி அந்த ஓட்டைதான். பாபினில் நூல் சுற்றும்போது பாபினைச் சுழற்றினால் போதும். மூடிய வளையத்தில் அது நடக்காது. சுற்றவேண்டிய கம்பி முழுவதும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓட்டைக்குள் புகுந்து வெளியே வரவேண்டும். டோராய்டு சுற்றும் இயந்திரங்கள் இருக்கின்றன. அவற்றில் திறந்து மூடும் ஒரு வட்டச் சட்டம் வளையத்தின் ஓட்டைக்குள் நுழைந்து பூட்டிக்கொண்டு, தன்மேல் ஏற்றிய கம்பியை விட்டுக்கொண்டே சுழலும். பெரிய வளையங்களுக்கு அது சரி. ஐந்து மில்லிமீட்டர் ஓட்டைக்குள் அந்தச் சட்டம் நுழைந்தால் கம்பிக்கு இடம் எங்கே? இணையக் கேபிளைச் செருகும் துளைக்குப் பின்னால் இருக்கும் பொடி டிரான்ஸ்ஃபார்மர்களும் பெரும்பாலும் சீனத் தொழிற்சாலைகளில் தொழிலாளர்கள் கையால் சுற்றியவையே. உலகத்தின் இணையப் போக்குவரத்து முகம் தெரியாத விரல்கள் எண்ணிச் சுற்றிய வளையங்கள் வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

ஃபர்ஹானின் பிட்எக்ஸும் இதே வழிக்கு வந்தது. 2016 இறுதியில் பிட்எக்ஸ்40 என்ற பெயரில், 7 மெகாஹெர்ட்ஸில் குரல் பேசும் பலகை தயாராகவே விற்பனைக்கு வந்தபோது தொடக்க விலை 45 டாலர். அந்த விலைக்கு அப்படியொரு கருவி கிடைப்பது அரிது. 2017 டிசம்பரில் 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் மைக்ரோபிட்எக்ஸ் 109 டாலருக்கு வந்தது. பலகையிலுள்ள நுண் உறுப்புகளை இயந்திரம் பொருத்தியது. டோராய்டுகளை ஹைதராபாத்தில் பெண்கள் குழு ஒன்று கையால் சுற்றித் தந்தது. அவர்கள் குடும்பங்களுக்கு அது வருமானமும் ஆயிற்று. குழாய் வாஷரில் தொடங்கிய பெட்டி இப்போது சரியான ஃபெரைட் வளையங்களோடு, அந்தப் பெண்கள் சுற்றிய சுருள்களோடு, அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறியது. வளையம் கிடைக்காத ஊராக இருந்த ஹைதராபாத்திலிருந்து சுற்றிய வளையம் ஏற்றுமதியானது, பதினைந்து ஆண்டுகளுக்குள் நடந்த மாற்றம். அதற்குரிய கவனம் நம் நாட்டில் இன்னும் கிடைக்கவில்லை.

கிட் கட்டுகிறவருக்குக் கடைசியாக ஒரு வேலை மிச்சமிருக்கும். கணக்கு 21.45 என்று சொன்னது; சுற்றியதோ 21. வளையங்களின் தரத்திலும் சிறு வேறுபாடு உண்டு. அந்தக் குறையைச் சுற்றுகளை நகர்த்தியே சரிசெய்துவிடலாம். கம்பிகளை நெருக்கினால் மின்தூண்டல் கொஞ்சம் ஏறும், பரப்பினால் கொஞ்சம் இறங்கும். ஆன்டெனா இருக்கவேண்டிய இடத்தில் 50 ஓம் சுமையை மாட்டி, அதிகச் சூடேறாதபடி சில விநாடி மட்டும் அலையை அனுப்பி, திறன் மீட்டரைப் பார்க்கிறார்கள். அனுப்புவதை நிறுத்திவிட்டு ஓர் ஈர்க்குச்சியின் நுனியால் நடுச்சுருளின் இரண்டு சுற்றுகளை மயிரிழை விலக்குகிறார்கள். உலோகத் திருப்புளியால் தொட்டால் அதுவே அளவைக் கெடுக்கும் என்பதால்தான் ஈர்க்குச்சி. மறுபடி அனுப்பிப் பார்க்கிறார்கள். முள் கொஞ்சம் ஏறுகிறது. இன்னும் கொஞ்சம் விலக்கினால் இறங்குகிறது. பழைய இடத்துக்கே தள்ளிவைக்கிறார்கள். வீட்டிலிருக்கும் நெயில் பாலிஷில் ஒரு சொட்டைச் சுருளின்மேல் விட்டு, சுற்றுகள் இனி நகராதபடி காயவிடுகிறார்கள். காய்ந்ததும் சுமையைக் கழற்றிவிட்டு ஆன்டெனா கேபிளை மாட்டுகிறார்கள்.